நேப்பிள்ஸில் யூசுப் பாய்

நான் உண்மை பேசினால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. இதற்காக அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அவநம்பிக்கையைச் செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டியவனே நான்தான்.

முதல் செங்கல், எண்ணெய் பாட்டில். கல்யாணமான புதிது. நண்பர்களோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோது என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, மாதா கோயில் எண்ணெய் ஒரு பாட்டில் மறக்காம கொண்டாங்க." மறந்துவிட்டேன். ஞாபகம் வந்தபோது பஸ் ஓசூரைத் தாண்டியிருந்தது. எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் இறங்கியதும் முனைக் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி, ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு நீட்டினேன்.

மூன்றே வாரம். முழங்கால் குணமாகிவிட்டது! அத்தை படியேறினார், கடைக்கு நடந்தார், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சியே சொன்னார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்ல ஜோக்கை ஒருவன் எத்தனை நாள்தான் தனியாக வைத்துச் சிரிப்பான்? மனைவி ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்னாள். அன்று மாலையே முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது.

அதிலிருந்து அந்த வீட்டில் நான் சொல்லும் எதற்கும் ஒரே பதில்தான்: "எண்ணெய் மாதிரியா?"

இப்படிப்பட்ட எனக்குத்தான் நேப்பிள்ஸ் போகும் வாய்ப்பு வந்தது.

ஹெப்பகோடித் தொழிற்பேட்டையில் பிஸ்கட் பாக்கெட்டுகளின் வாயை ஒட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. புதிதாக வாங்கிய இயந்திரம் இத்தாலிக்காரர்களுடையது. அதன் கோபதாபங்களைக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி கம்பெனி என்னை ஒரு வாரம் அனுப்பியது. (இரண்டு சீனியர்களுக்கு விசா கிடைக்கவில்லை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.)

செய்தி கேட்டதும் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் பங்குக் கோயிலின் காலண்டர் கமிட்டிச் செயலாளர். பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், கரண்ட் பில் தேதி எல்லாம் குறித்து வைக்க, பங்கில் உள்ள ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தொங்குகிற காலண்டர் அது. வருடா வருடம் அச்சகத்துக்காரர் கொடுக்கும் அருவி, பனிமலை, மறுபடியும் அருவி. இந்த முறை கமிட்டிப் பொருளாளர் ஒரு மாற்றம் கொண்டுவந்திருந்தார்: பன்னிரண்டு மாதமும் பூனைக்குட்டி.

"கோயில் காலண்டர்ல பூனையா?" என்று மாமாவுக்கு ராத்தூக்கம் போயிருந்தது. நான் நேப்பிள்ஸ் என்றதும் அவர் கமிட்டியில் எழுந்து அறிவித்துவிட்டார். மத்தியதரைக் கடலோரத்தில் கிரேக்கர் காலத்துத் தெருக்கள் இன்னும் அப்படியே இருக்கும் பழைய நகரம் அது. சந்துக்குச் சந்து மாதா சிலை வைத்த குட்டிக் கெபி. அங்கிருந்து பன்னிரண்டு படம், எங்க மாப்பிள்ளை எடுத்து வருவார்.

"வரலைன்னா?" என்று பொருளாளர் கேட்டிருக்கிறார்.

"வரலைன்னா செயலாளர் பதவிய விட்டுட்றேன். நீங்க உங்க பூனைய போட்டுக்குங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் இதை அறிவிக்கவும் செய்தார். மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தை மட்டும் பார்க்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

கேமரா கொடுத்தது என் சகலை விக்டர். ரோஸ்லினின் அக்கா கணவன், கல்யாண போட்டோகிராபர். அவன் கேமராவை ஒப்படைத்த விதத்தைப் பார்த்தால் ஏதோ கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறவன் அவன்தான் என்று தோன்றும்.

"சகல, இதுல எல்லாம் நான் செட் பண்ணி வெச்சிருக்கேன். கல்யாணப் பொண்ணுக்கு வெக்கற செட்டிங். நீ இன்னா பண்ற, பட்டன் மட்டும் அழுத்தற. இந்த வளையத்த தொட்ட, வந்து கைய ஒடைப்பேன்."

தொடவில்லை. வாழ்நாளில் ஒருமுறை சொன்ன பேச்சைக் கேட்டேன். அதன் விளைவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விமானத்தில் சும்மா இருந்தேனா? கிளம்புவதற்கு முன் போட்டோ கலை பற்றி ஏழெட்டு வீடியோக்களைச் செல்போனில் இறக்கி வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே தாடிக்காரர். அவர் சொன்னார்: "கோட்டை, கோபுரம் எல்லாம் எவன் வேணா எடுப்பான். நீ வாழ்க்கையை எடு." அரபிக்கடலுக்கு மேலே, முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், கையில் தக்காளி ஜூஸோடு நான் கலைஞனானேன்.

வார நாட்கள் ஐந்தும் தொழிற்சாலையில் போயின. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. தங்கிய ஓட்டலும் ஊருக்கு வெளியே. ஜன்னலைத் திறந்தால் கிடங்கு, லாரி, கிடங்கு. ஹெப்பகோடியை விட்டு வந்த உணர்வே இல்லை. ரோஸ்லினிடம் வீடியோ காலில் பேசியபோதெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு திரைச்சீலையும்தான். இதுவும் பிற்பாடு எனக்கு எதிரான சாட்சியாகப் பதிவானது.

சனிக்கிழமை ஒரே ஒரு நாள் ஓய்வு. செல்போனை அறையிலேயே விட்டுவிட்டு (கலைஞனுக்கு ஒரே கண்தான் இருக்க வேண்டும் என்று தாடி சொல்லியிருந்தார்) கேமராவை மட்டும் மாட்டிக்கொண்டு பழைய நகரத்துக்குள் நுழைந்தேன்.

என்ன ஊர் அது! ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்கு உப்பு கடன் கேட்கிற அகலத்தில் சந்துகள். இரண்டு பக்கமும் ஐந்து மாடி. மாடிக்கு மாடி கயிறு, கயிறு நிறைய ஜட்டி, பனியன், போர்வை. கீழே பாதசாரிகளின் கால் கட்டைவிரலைக் குறி வைத்துப் பாயும் ஸ்கூட்டர்கள். சந்து முனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா, மேலே நீல டியூப்லைட், பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. எல்லாரும் எல்லாரிடமும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை என்று நினைத்து ஒதுங்கினேன். சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

நான் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு பெரிய பேராலயம் வந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று எதிர்க்கடைப் பூண்டுச் சரத்தை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானியத் தம்பதி, இவனுக்குக் கோயில் தெரியவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு என் தோளைத் தட்டிக் கையால் காட்டினார்கள். நான் ஒரு கலைஞனின் அலட்சியத்தோடு தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பூண்டுக்குத் திரும்பினேன்.

கடைப் பலகைகளில் இத்தாலிய எழுத்துகள் தெரிந்தால் ஒதுக்கினேன். "எழுத்து கண்ணை இழுத்துடும்" என்று தாடி சொல்லியிருந்தார் அல்லவா! கொடி பறந்தால் ஒதுக்கினேன். சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக வந்தால், அவர்கள் போகும் வரை கால் மணி நேரம் காத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஊர் நேப்பிள்ஸ் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். தடயத்தை அழிக்கும் கொலைகாரன்கூட இவ்வளவு கவனமாக இருக்க மாட்டான்.

ஒரு சந்தில் என் மூக்குக்கு நேராக, கயிற்றில் கட்டிய ஒரு கூடை மேலிருந்து மெல்ல இறங்கி வந்து நின்றது. அண்ணாந்து பார்த்தேன். நான்காவது மாடியில் ஓர் அம்மாள். சுற்றிலும் மாதா கெபிகளாகப் பார்த்துக்கொண்டு வந்த வேகத்தில் என் மூளை ஒரே முடிவுக்கு வந்தது: காணிக்கை. இரண்டு யூரோ நாணயத்தைப் போட்டுச் சிலுவையும் வரைந்துகொண்டேன். கூடை மேலே போனது. அந்த அம்மாள் நாணயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மொத்தச் சந்துக்கும் கேட்கிற மாதிரி ஒரு பிரசங்கம் செய்தார். கூடை என் நாணயத்தோடு திரும்ப இறங்கியது. பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்து, என் நாணயத்தை எடுத்து என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு, கூடையில் வெங்காயத்தை வைத்து அனுப்பினார்.

பிறகுதான் அந்த மீன்கடை. பளிங்குப் பலகையில் நெத்திலி, கணவாய், மத்தி. பலகைக்குப் பின்னால் குட்டைத் தாடி, கனத்த புருவம், நீல ஏப்ரன், காதில் சொருகிய பென்சிலோடு ஒரு மனிதர். கேமராவைத் தூக்கியதும் ஒரு பெரிய கணவாயைக் கையில் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். இதுதான் ஆகஸ்ட் மாதம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மாலைக்குள் எண்ணூற்று நாற்பது படம். கால் இரண்டும் இட்லியாக வீங்கியிருந்தன. மனம் நிறைந்திருந்தது. எண்ணெய் பாட்டில் அன்றோடு உடைந்தது என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதற்கு அடுத்த ஞாயிறு மாலை, ஜோகுபாளையத்தில் மாமனார் வீட்டு ஹாலில் தரிசனத்துக்கு ஏற்பாடு. மாமா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். விக்டர் கேமராவை டி.வி.யில் இணைத்தான். நான் ஒரு சின்ன முன்னுரை ஆற்றினேன். முதல் படம் வந்தது.

மிகத் துல்லியமான ஒரு பனியன். அதற்குப் பின்னால் வெண்ணெய் உருகின மாதிரி ஏதோ மஞ்சள்.

"நேப்பிள்ஸ்" என்றேன்.

"எங்க?" என்றார் மாமா.

"பனியனுக்குப் பின்னாடி, மாமா."

அடுத்தது பூண்டு. அதற்கடுத்தது மிளகாய்ச் சரம். அதற்கடுத்தது ஒரு பூனை (மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்). ஒவ்வொன்றிலும் முன்னால் இருப்பது முத்து முத்தாய்த் தெரிந்தது. பின்னால் இருந்த இரண்டாயிரம் வருடத்து நகரம் கரைந்து போயிருந்தது. கல்யாண செட்டிங்! மணமகளின் மூக்குத்தி தெரிய வேண்டும், பின்னால் கொட்டாவி விடும் சொந்தக்காரர்கள் தெரியக் கூடாது என்பதற்காக விக்டர் வைத்த செட்டிங். நான் ஒரு நகரத்தையே கொட்டாவி விடும் சொந்தக்காரராக்கியிருந்தேன்.

"ஏன்டா, வளையத்த கொஞ்சம் திருப்பியிருக்கக் கூடாதா?" என்றான் விக்டர்.

"நீதானே கைய ஒடைப்பேன்னே!"

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் படத்துல நீலமா இன்னாது, கறை மாதிரி?"

"எரிமலை, மாமா."

"லென்ஸ்ல வெரல் பட்ருக்கு" என்றார் அத்தை.

அதுவரை அது வெறும் மோசமான போட்டோ நிகழ்ச்சிதான். வழக்கு மாறியது கெபி படத்தில். கண்ணாடிப் பெட்டி, நீல டியூப்லைட், பிளாஸ்டிக் பூ. அத்தை நாற்காலியை இழுத்து டி.வி.க்குப் பக்கத்தில் போட்டார்.

"ரோஸ்லின், இங்க வா. இது நம்ம சிவாஜிநகர் துணிக்கடை சந்து கெபி இல்ல?"

"ஐயோ அத்தை, இது இத்தாலி!"

"அந்த டியூப்லைட் கூட இப்டித்தான் ஒரு பக்கம் கறுப்பாயிருக்கும்."

அடுத்த படம்: சுவரோரம் ஒரு பழைய வெஸ்பா, மேலே காயும் போர்வை. "இது மட்டன் கடை பின்னாடி" என்றார் அத்தை. அதற்கடுத்தது ஒரு படிக்கட்டு. "இது பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கால போற வழி." ரோஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். எண்ணெய்ப் பார்வை.

பிறகு வந்தார் மீன்காரர், கணவாயை அணைத்தபடி.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில்: "யூசுப் பாய்!"

நானும் திடுக்கிட்டேன். உண்மைதான். அதே தாடி, அதே புருவம், அதே பென்சில். இருபது வருடமாக அந்தக் குடும்பத்துக்கு மீன் கொடுக்கிற சிவாஜிநகர் யூசுப் பாய் மத்தியதரைக் கடல் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தபோது இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? (மீன் வாங்க நான் என்றைக்குப் போயிருக்கிறேன் என்று ரோஸ்லின் கேட்டாள். நியாயமான கேள்வி.)

"அத்தை, சத்தியமா..."

"எண்ணெய்க்குக் கூடத்தான் சத்தியம் பண்ணீங்க."

"விக்டர், கேமராவுல தேதி இருக்கும்ல, காட்டுடா!"

விக்டர் பார்த்தான். அவன் அந்தக் கேமராவில் தேதியே வைத்ததில்லை. அதன் கணக்கில் எண்ணூற்று நாற்பது படமும் ஜனவரி ஒன்றாம் தேதி எடுத்தவை. "நியூ இயர் அன்னிக்கு இங்கதான் பிரியாணி துன்னுட்டிருந்த சகல" என்றான், தன் கேமராவின் மேல் பாரத்தைப் போட மனமில்லாமல்.

பாஸ்போர்ட்டை ஓடிப்போய் எடுத்து வந்தேன். மாமா சீல் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "பிராங்க்பர்ட்னு போட்ருக்கு."

"அங்க விமானம் மாறணும் மாமா. சீல் அங்கதான் குத்துவாங்க."

"நேப்பிள்ஸ்ல குத்தலியா?"

"ஒருத்தரும் குத்தல."

மாமா பாஸ்போர்ட்டை மெல்ல மூடினார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாந்தமாகப் பேசினார். "மாப்ளே. வெளிநாடு போனீங்க, நம்பறேன். வேலை, அசதி. வெளிய போக முடியல. ரூம்லயே தூங்கிட்டீங்க. இங்க வந்தப்புறம்தான் காலண்டர் ஞாபகம் வந்திருக்கு. ஓசூர் தாண்டி எண்ணெய் ஞாபகம் வந்த மாதிரி."

"ஆய்த்து, விடுங்க" என்றார் அத்தை. "நம்ம தலைல பூனைதான்னு எழுதியிருக்கு."

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. யூசுப் பாயை நேரில் கேட்டுவிடுவது! அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எனக்கு அவரைவிட நல்ல சாட்சி யார்? அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மறுநாளே மாமாவையும் விக்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிவாஜிநகர் போனேன்.

யூசுப் பாய் வஞ்சிர மீனை வெட்டிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வாங்கினார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அரே வா! என்னிக்கு எடுத்தீங்க? சொல்லவே இல்ல!"

"பாய்," என்றேன், "நல்லாப் பாருங்க. இது நீங்கதானா?"

"நான் இல்லாம? என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? கலர் மட்டும் கொஞ்சம் ஏத்திட்டீங்க. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

"உங்ககிட்ட நீல ஏப்ரன் இருக்கா பாய்?"

"இருந்துச்சு. மச்சான் துபாய்லேர்ந்து கொண்டாந்தான். அது கிழிஞ்சி ஆச்சி எத்தினியோ நாள்."

"பளிங்குக் கல்லு? உங்க கடைல பளிங்குக் கல்லு எங்க இருக்கு?"

பாய் தன் தகரப் பலகையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எல்லாம் மாத்துவாங்க சார். என் பொண்ணு கல்யாண ஆல்பத்துல பின்னாடி தாஜ்மஹாலே வெச்சாங்க." விக்டர் தரையைப் பார்த்தான். அந்த ஆல்பம் செய்தது அவன்தான்.

பாய் அந்தப் பிரிண்டைத் திருப்பித் தரவில்லை. தராசுக்கு மேலே ஒட்டிவிட்டார். மாமாவுக்கு இலவசமாக ஒரு கை நெத்திலி போட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது மாமா நெத்திலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். வீடு வந்ததும், "நாளைக்கு கமிட்டி" என்று மட்டும் சொன்னார். மேஜையில் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. பதினோரு வருடம் வகித்த பதவி.

மறுநாள் கோயில் அறையில் கமிட்டி கூடியது. விக்டர் பொறுக்கியதில் தேறிய பன்னிரண்டு படங்களை மேஜையில் பரப்பினேன். ஃபாதர் நடுவில், ஒரு பக்கம் மாமா, சட்டைப் பையில் கடிதத்தோடு, இன்னொரு பக்கம் பொருளாளர், பூனைக்குட்டிக் கட்டோடு. மேல் பூனை கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

ஃபாதர் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். மீன்காரரிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது நம்ம யூசுப் பாய் இல்ல?"

மாமா சட்டைப் பைக்குக் கையைக் கொண்டு போனார்.

"அட, எல்லாமே சிவாஜிநகர்!" என்றார் ஃபாதர். "இந்த கெபி, இந்தப் படி... தினம் இதே வழியாத்தான் போறேன், இவ்ளோ அழகா ஒரு நாளும் கண்ல பட்டதில்லையே! செக்ரட்ரி சார், நேப்பிள்ஸ்னு சொல்லிட்டு நம்ம ஏரியாவையே எடுத்துக் குடுத்திருக்கீங்க. இது ஐடியா! எதுக்கு எங்கயோ இருக்கற ஊரு? நம்ம ஜனங்க நம்ம காலண்டர்ல வரட்டும். ஸ்டீபன், நீங்க சொல்லுங்க, சிவாஜிநகர்தானே?"

ஸ்டீபன் என்பது நான். அறையில் எல்லார் கண்ணும் என் மேல். நேப்பிள்ஸ் என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பொருளாளர் ரிப்பனை நீவிவிட்டுக்கொண்டு பூனையை முன்னால் தள்ளுவார். மாமாவின் கை பையில் கடிதத்தின் முனையைப் பிடித்திருந்தது.

"ஆமா ஃபாதர்" என்றேன். "சிவாஜிநகர்தான். ரூம்ல தூங்கிட்டேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அத்தனையையும் யாராவது கண்டுபிடித்திருக்கிறார்கள். இது ஒன்றைத்தான் எல்லாரும் உடனே நம்பினார்கள். ஃபாதர் என் முதுகைத் தட்டி, "உண்மைய ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும்" என்றார். பொருளாளர்கூட மனம் இளகி, பூனைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாமா கடிதத்தை விட்டுவிட்டு வெறும் கையை வெளியே எடுத்து, அதே கையால் என் கையைப் பிடித்தார். "இப்பயாவது சொன்னீங்களே, மாப்ளே" என்றார்.

'நம்ம சிவாஜிநகர்' என்ற தலைப்பில் காலண்டர் வந்தது. பங்கில் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் காலண்டரும் அப்படி ஓடியதில்லை. மார்ச் மாத மாடியைப் பார்த்து, "இது எங்க வீடு, அந்தப் போர்வை என்னுது" என்று இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக உரிமை கொண்டாடின. பனியனுக்கும் ஒரு சொந்தக்காரர் கிளம்பினார். மே மாதப் பூண்டு தன் கடைப் பூண்டுதான் என்று ஒருவர் மாமாவிடம் கூடுதலாக ஒரு பிரதி கேட்டு வாங்கினார்.

எனக்கும் ஒரு நாள் விடிவு வந்தது. அதாவது, வந்ததாக நினைத்தேன். இயந்திரத்தைச் சோதிக்க நேப்பிள்ஸிலிருந்து மார்க்கோ என்ற பொறியாளர் ஹெப்பகோடிக்கு வந்தார். ஞாயிறு மதியம் வீட்டுக்கு பிரியாணிக்கு அழைத்தேன். (விருந்தோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றத்தான் கூட்டி வந்தேன்.) மாமா, அத்தை, விக்டர் எல்லாரையும் வரவழைத்து, மார்க்கோவைக் கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்கு அழைத்துப் போய், காலண்டருக்கு நேராக நிறுத்தினேன்.

மனிதர் உறைந்தார். "நாப்போலி!" என்று கத்தினார். தாள்களைப் புரட்டினார். "நாப்போலி! நாப்போலி!" ஆகஸ்ட் வந்ததும் மீன்காரர் முகத்தில் விரலை வைத்து, "ஜென்னாரோ!" என்றார். அவர் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிறவராம். கண் கலங்கிவிட்டது.

நான் வெற்றிக் களிப்போடு திரும்பி மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்கும் கண் கலங்கியிருந்தது.

"பாவம் மாப்ளே" என்றார். "வீட்டு ஞாபகம் வந்துடுச்சி அவருக்கு."

"மாமா, அவர் மீன்காரர் பேரையே சொல்றார்!"

"தப்பா சொல்றார். யூசுப்னு சொல்லிக் குடுங்க."

"எல்லாம் முன்கூட்டியே பேசி வெச்சிருப்பாரு" என்றார் அத்தை, மார்க்கோவின் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தபடி. "பாவம், அந்த மனுசனையும் பொய் சொல்ல வெக்கறாரு."

மாலையில் மார்க்கோவை நானே யூசுப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் பாயைப் பார்த்தார், தராசுக்கு மேலே ஒட்டிய படத்தைப் பார்த்தார். பிறகு பாயின் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்து மனைவிக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. படித்ததும் அவர் முகம் வெளிறியது. என்ன என்று கேட்டேன். மொழிபெயர்த்துச் சொன்னார்: இந்தியா போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜென்னாரோ கடையில் உனக்கு என்ன வேலை?

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கஷ்டம் தெரிந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான்.

காலண்டர் வருடம் முடிந்தும் எங்கள் வீட்டில் அது இறங்கவில்லை. ஆகஸ்ட் மாதத்திலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஸ்லின் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, நேப்பிள்ஸ் வரைக்கும் போய் அரைக் கிலோ நெத்திலி வாங்கிட்டு வாங்க. போற வழியில தூங்கிடாதீங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஜோகுபாளையத்திலிருந்து நேப்பிள்ஸுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். டிராஃபிக் இருந்தால் முக்கால் மணி. சீல் எதுவும் குத்துவதில்லை.